லீக்ஸில் மருந்து எவ்வளவு மிஞ்சலாம்? கந்தப்பளைக் கேள்விக்கு விளக்கம்

கந்தப்பளையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "லீக்ஸுக்கு மெங்கோசெப் என்கிற பூஞ்சண மருந்து அடிக்கிறோம். விலை ஏறினால் லொறி வந்து நிற்கும், லேபலில் போட்ட நாளுக்கு முன்னமே பிடுங்கிக் கொடுக்கிறோம், வீட்டிலும் அதைத்தான் பிள்ளைக்குச் சமைக்கிறோம். ஆபத்தா? இந்த அளவை யார் முடிவு பண்ணுகிறார்கள்?"

சரி தங்கச்சி. இதில் இரண்டு கணக்கு இருக்கிறது, பலர் அதை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது தோட்டத்துக் கணக்கு. லேபல் அனுமதிக்கிற உச்ச அளவில், அதிகபட்ச தடவை மருந்தடித்து, கடைசியாக அடித்த பிறகு காத்திருக்கச் சொன்ன நாள் முடிந்ததும் பிடுங்கி, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் மிஞ்சியிருக்கிறது என்று பல இடங்களில் அளந்து பார்ப்பார்கள். அதை வைத்துத்தான் உச்ச வரம்பு போடுகிறார்கள். அதனால் வரம்பைத் தாண்டிய லீக்ஸ் என்றால் முதலில் அர்த்தம், லேபல்படி அடிக்கவில்லை என்பதுதான். சாப்பிட்டவுடன் விழுந்துவிடுவோம் என்பதல்ல.

இரண்டாவது உடம்புக் கணக்கு. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, எந்தக் கெடுதலும் தெரியாத அளவைப் பிடித்து, அதை வழக்கமாக 100 ஆல் வகுப்பார்கள். விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 10, மனிதருக்கு மனிதர் வித்தியாசத்துக்கு 10. வாழ்நாள் முழுக்கத் தினமும் சாப்பிட்டாலும் பரவாயில்லை என்கிற அளவு அப்படித்தான் வருகிறது. ஐ.நா. உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 1963 முதல் இந்த வேலையைச் செய்கிறது. மெங்கோசெப் வகை மருந்துகளுக்கு அந்தக் குழு சொன்னது, உடல் எடை கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 0.03 மில்லிகிராம்.

இப்போது உங்கள் பிள்ளைக்கு வருவோம். 60 கிலோ ஆளுக்கு அது 1.8 மில்லிகிராம், 15 கிலோ பிள்ளைக்கோ 0.45 தான். ஒரு கிலோ லீக்ஸில் 2 மில்லிகிராம் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 100 கிராம் தின்றால் 0.2 போய்விடும், பிள்ளையின் அளவில் கிட்டத்தட்ட பாதி, அதுவும் ஒரே மரக்கறியில். அப்புறம் கிழங்கு, போஞ்சி எல்லாம் இருக்கிறதே! எனக்குக் கவலை இந்த இடத்தில்தான்.

நம்ம மலையில் மூடுபனியும் மழையும் விடாத நாளில் கருகல் நோய்க்குப் பயந்து அடித்ததன் மேலேயே திரும்பத் திரும்ப அடிக்கிறோம், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் லேபலில் உள்ள நாள் கணக்கு அந்த மாதிரி அடிப்பதற்குப் போட்டதல்ல. கடைசியாக அடித்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.

கழுவினால் போகுமா என்றால், மெங்கோசெப் இலை மேலேயே படிந்திருக்கும் மருந்து, ஓடுகிற தண்ணீரில் மடல் மடலாகப் பிரித்துக் கழுவினால் ஓரளவு குறையும். செடிக்குள்ளே ஊடுருவுகிற மெட்டலக்சில் மாதிரி மருந்துக்கு அது எடுபடாது. வேகவைத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள், சூட்டில் மெங்கோசெப் உடைந்து ஈ.டி.யூ. என்ற பொருள் உண்டாகிறது, அது தைராய்டுக்குக் கூடாது. அதனால் கழுவுவது சமையலுக்கு முன்னால்.

லொறி வருகிற நாள் தெரிந்தால், முதலில் பிடுங்கப்போகிற பாத்திகளுக்கு மருந்தை நேரத்தோடு நிறுத்திவிடுங்கள், அடித்த திகதியைப் பாத்திவாரியாகக் கொப்பியில் எழுதுங்கள். நாள் முடியாத பாத்தியை லொறிக்கும் கொடுக்க வேண்டாம், வீட்டுச் சட்டிக்கும் வேண்டாம்.