செங்குத்துச் சரிவில் பிரேக்கை எங்கே விடுவது?

[காட்சி: மழையில் ஊறிய மலைக்காடு, மரங்களுக்கு நடுவே கீழே இறங்கும் சேற்றுப் பாதை]

2011 செப்டம்பர், சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரி. டான் டு மிடி சிகரங்களுக்குக் கீழே இருக்கிற சின்ன ஊர். மவுண்டன் பைக் உலக சாம்பியன்ஷிப் அந்த வருஷம் அங்கேதான் நடந்தது. அந்த டவுன்ஹில் ட்ராக்கில், அதாவது மலை மேலிருந்து கீழே இறங்குகிற பந்தயப் பாதையில், காய்ந்த நாளில்கூட நடந்து இறங்கக் கஷ்டமான இடங்கள் உண்டு, இதில் மழை வேறு. வேரும் பாறையும் சேறு பூசிக் கிடந்தன. அதில் இங்கிலாந்தின் டேனி ஹார்ட், அப்போது அவருக்கு 19 வயது, 3 நிமிஷம் 42 விநாடிக்குள் கீழே வந்து சேர்ந்தார். இரண்டாவது வந்த பிரான்ஸின் டேமியன் ஸ்பன்யோலோ 11 விநாடிக்கும் மேல் பின்தங்கியிருந்தார். ஒரு விநாடிக்கும் குறைந்த இடைவெளியில் தங்கப் பதக்கம் கைமாறுகிற விளையாட்டில் இது நம்பவே முடியாத வித்தியாசம்.

அந்த ஓட்டத்தைப் பார்க்கிற எல்லோரும் முதலில் சொல்வது, பயம் என்பதே இல்லாத ஆள் என்று. இருக்கலாம். ஆனால் சக்கரங்களை மட்டும் கவனித்து இன்னொரு தடவை பாருங்கள்: வழுக்குகிற இடத்தில் அவை உருண்டுகொண்டே போகின்றன, பூட்டிக்கொண்டு இழுபடுவது ரொம்பக் குறைவு. ஆல்ப்ஸ் சரிவுகளில் பிரேக் பிடிக்கத் தெரிவதைவிட எங்கே விடுவது என்று தெரிவதுதான் முக்கியம் என்று நான் நம்புகிறேன், அது ஏன் என்பதுதான் இந்த வீடியோ.

[படம்: சரிவின் குறுக்குவெட்டு, 100 மீட்டருக்கு 45 மீட்டர் இறக்கம்]

ஒரு சரிவு 45 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்டமாக 100 மீட்டர் போனால் 45 மீட்டர் கீழே இறங்கியிருப்போம், கோணத்தில் சுமார் 24 டிகிரி. இந்தச் சரிவில் வேகம் கூடாமல், அதாவது குறைக்கக்கூட வேண்டாம், அப்படியே வைத்திருப்பதற்கே டயருக்கும் தரைக்கும் நடுவே உராய்வுக் கெழு, அதாவது பிடிமானத்தின் அளவு, 0.45 ஆவது வேண்டும். கெட்டியான காய்ந்த மண் அதைத் தரும், மேலும் கொஞ்சம் மிச்சமும் வைக்கும், அந்த மிச்சத்தில்தான் வேகத்தைக் குறைக்கிறோம், திரும்புகிறோம். பட்டை உரிந்து மழையில் நனைந்த வேர் அதைத் தரவே தராது. நீங்கள் எவ்வளவு நல்ல பிரேக் வாங்கி மாட்டியிருந்தாலும் சரி, அந்த வேரின் மேல் வேகம் கூடத்தான் செய்யும், லிவரை இறுக்கினால் சக்கரம் பூட்டி, வேர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் சைக்கிள் வழுக்கிக்கொண்டு போகும்.

அப்படியானால் என்ன வழி? வேருக்கு இரண்டு மீட்டர் முன்னால், மண் நன்றாக இருக்கிற இடத்தில், தேவைக்கும் கொஞ்சம் அதிகமாகவே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வேர் மேல் ஏறும்போது விரலைத் தளர்த்திவிட வேண்டும். கொஞ்சம் வேகம் ஏறும், ஏறட்டும், தாண்டியதும் அடுத்த நல்ல மண்ணில் மறுபடி பிடித்துக்கொள்ளலாம். எங்கே பிடிமானம் இருக்கிறதோ அங்கே மட்டும் செலவு செய்வது, அவ்வளவுதான் விஷயம்.

[காட்சி: பக்கவாட்டிலிருந்து, மெதுவாக ஓடும் இறக்கம், முன் ஃபோர்க் அமுங்குகிறது]

பிரேக்கை விடுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். சைக்கிளின் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 125 சென்டிமீட்டர், ஓட்டுபவரோடு சேர்த்து எடையின் மையம் தரையிலிருந்து 110 சென்டிமீட்டர் உயரம், சமதளத்தில் எடை இரண்டு சக்கரத்துக்கும் பாதிப் பாதி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே 45 சதவீதச் சரிவில் பிரேக் பிடித்து ஒரே வேகத்தில் இறங்கும்போது முன் சக்கரத்தின் மேல் கிட்டத்தட்ட 90 சதவீத எடை வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் முன் சக்கரம் ஒரு குழியில் இறங்கினால் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. இப்போது பிரேக்கை முழுசாக விடுங்கள். சைக்கிள் சரிவோடு சேர்ந்து தானாக வேகமெடுக்கிறது, பின்னோக்கி இழுக்கும் விசை இல்லை, எடை மறுபடி பாதிப் பாதிக்கு வந்துவிடுகிறது. சரிவு மாறவில்லை, உங்கள் உடம்பும் நகரவில்லை, விரலை விட்டது மட்டும்தான் வித்தியாசம்! அதனால்தான் படிபோல இறங்கும் பாறையிலும் குழியிலும் முன் சக்கரம் விழுகிற அந்தக் கணத்தில் பிரேக் விட்டிருக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

செங்குத்தில் உடம்பைப் பின்னால் தள்ளு என்று ஒரு அறிவுரை ஊரெல்லாம் சுற்றுகிறது. பாதிதான் சரி. பிரேக் பிடித்திருக்கும் வரை இடுப்பு பின்னால் போகத்தான் வேண்டும். ஆனால் பின் டயரின் மேல் உட்காருகிற அளவுக்குப் போய் கைகள் நேராக நீண்டுவிட்டால், பிரேக்கை விட்ட உடனே முன் சக்கரம் எடையில்லாமல் மிதக்கும், திருப்பினாலும் திரும்பாது. நீட்டிய கையை அதற்குமேல் நீட்டவும் முடியாது, அடுத்த பள்ளம் உங்களை அப்படியே முன்னால் இழுத்துக்கொள்ளும். முழங்கை மடங்கி வெளியே பார்க்கட்டும், நெஞ்சு தாழட்டும், சீட்டை டிராப்பர் போஸ்ட்டில் (ஓட்டிக்கொண்டே சீட்டை ஏற்றி இறக்க உதவும் தண்டு) முழுக்க இறக்கிவிடுங்கள், குதிகாலைப் பெடலுக்குக் கீழே அழுத்துங்கள். பிரேக்கின் விசையைக் கால் தாங்க வேண்டும், உள்ளங்கை அல்ல. சரியாக நிற்கிறீர்களா என்று தெரிய ஒரு சோதனை: ஓடிக்கொண்டிருக்கும்போது ஹேண்டில்பாரில் விரல்களைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். உடம்பு முன்னாலும் சாயாமல் பின்னாலும் சாயாமல் நின்றால் சரி.

[காட்சி: பிரேக் டிஸ்க், மிக அருகில்]

சூடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 95 கிலோ, 1,000 மீட்டர் உயரம் இறக்கம், ஆல்ப்ஸில் ஒரே மூச்சில் இவ்வளவு இறங்குவது சாதாரணம். அந்த ஆற்றல் சுமார் 9 லட்சத்து 30 ஆயிரம் ஜூல், குழாய்த் தண்ணீர் இரண்டே முக்கால் லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் சஸ்பென்ஷனும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும் பெரும்பங்கு இரண்டு மெல்லிய டிஸ்க்குகளுக்குத்தான் போகிறது. லேசாகப் பிடித்தபடியே இறங்கினால் அவை ஆறுவதற்கு இடைவெளியே கிடைக்காது, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேட் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகிவிடும், லிவர் ஹேண்டில்பார் வரை வந்துவிடும். அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி அழுத்திப் பிடிப்பதுதான் வழி. ஒரு லிவருக்கு ஒரு விரல், ஆள்காட்டி விரல் மட்டும். மற்ற விரல்கள் பிடியிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் பாதி வழியிலேயே முன்கை கல்லாக இறுகிவிடும்.

[காட்சி: மேலிருந்து, மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கொண்டை ஊசி வளைவுகள்]

அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். ஆல்ப்ஸின் பழைய பாதைகள் பல, மனிதரும் கோவேறு கழுதையும் நடப்பதற்காகப் போட்டவை. அச்சுக்கு அச்சு ஒன்றேகால் மீட்டர் இருக்கிற சைக்கிளை யார் நினைத்தார்கள்? சில வளைவுகளில் பின் சக்கரம் உருண்டு வர இடமே இருக்காது. ஜெர்மன் பேசும் பகுதிகளில் பாதைகளை எஸ்0 முதல் எஸ்5 வரை தரம் பிரிக்கிறார்கள். எஸ்3 வந்தாலே சரிவு 70 சதவீதத்தைத் தாண்டக்கூடும், எஸ்4 என்றால் பின் சக்கரத்தைத் தூக்கி நகர்த்தத் தெரிந்தே ஆக வேண்டும். வளைவுக்குள் நடை வேகத்தில் அகலமாக நுழைகிறோம், முன் சக்கரம் திரும்பத் தொடங்கியதும் முன் பிரேக்கை மெல்ல மெல்ல இறுக்குகிறோம், சரிவே பின் சக்கரத்தைத் தூக்கிக் கொடுக்கிறது, தலையும் தோளும் வெளியேறும் திசைக்குத் திரும்பிவிட்டதால் இடுப்பு தானாகப் பின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு வருகிறது. தரை தொட்டதும் பிரேக்கை விட வேண்டும். இங்கேயும் விடுவதில் தாமதித்தவர்தான் கவிழ்கிறார். இதைப் பள்ளத்தாக்கு விளிம்பில் கற்றுக்கொள்ள வேண்டாம், புல் தரையில், லேசான சரிவில், இடம், வலம் இரண்டு பக்கமும் கைவந்த பிறகு மலைக்குப் போங்கள்.

சுவிஸ் மலைகளில் வெள்ளை-நீலம்-வெள்ளை வண்ணக் குறி போட்ட பாதைகள் கையும் காலும் ஊன்றி ஏற வேண்டியவை, அங்கே சைக்கிளுக்கு வேலையில்லை. மற்றப் பாதைகளில் நடந்து வருபவரைப் பார்த்தால் நின்று வழிவிடுங்கள். ஆஸ்திரியாவில் காட்டுக்குள் அனுமதி கொடுத்த வழிகளில் மட்டும்தான் ஓட்டலாம்.

[காட்சி: சைக்கிளைச் சாய்த்துவிட்டு நடந்து இறங்கும் ஒருவர், காலால் மண்ணைத் தேய்த்துப் பார்க்கிறார்]

டவுன்ஹில் பந்தய வீரர்கள் ஓட்டுவதற்கு முன் ட்ராக்கை நடந்து பார்ப்பார்கள். நீங்களும் பயமாக இருக்கிற இடத்துக்கு மேலேயே சைக்கிளை வைத்துவிட்டு இறங்கிப் பாருங்கள். நல்ல மண் எங்கே, வேர் எங்கே, தப்பித்து நிற்க ஒரு இடம் எங்கே, இந்த மூன்றும் தெரிந்த பிறகு மேலே ஏறி வந்து, முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டின் வாரை இறுக்குங்கள். கண் முன் சக்கரத்தில் இருக்கக்கூடாது, அடுத்து பிரேக் பிடிக்கப்போகிற மண்ணில் இருக்க வேண்டும். அப்படி ஒரு இடம் உங்கள் கண்ணுக்குப் படவே இல்லையென்றால் அன்றைக்கு அந்த இடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்குங்கள்.