ராஜாவை அப்புறம் பார்ப்போம், முதலில் கடல்

வணக்கம் நேயர்களே.

இன்றைக்கு நான் பேசப்போவது எந்த உலகப் படத்திலும் இல்லாத ஒரு நாட்டைப் பற்றி. கதை எழுதுகிறவர்கள், கணினி விளையாட்டு வடிவமைக்கிறவர்கள், பொழுதுபோக்காக வரைபடம் போடுகிறவர்கள் என்று நிறையப் பேர் சொந்தமாக நாடுகளை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அதில் பாலைவனக் கடற்கரை நாடு என்று வந்துவிட்டால் பெரும்பாலும் ஒரே அச்சுதான்: மஞ்சள் மணல், ஒட்டக வரிசை, கரையில் வெள்ளைச் சுவர் எழுப்பிய பெரிய துறைமுக நகரம், அதை ஆயிரம் வருடமாக ஆண்டுவரும் ஒரு ராஜ வம்சம், அந்த வம்சத்தில் யார் யாரைக் கொன்றார்கள் என்பதற்கு நாற்பது பக்கம். எல்லாம் சரி, அந்த நகரத்து ஜனங்கள் எதைக் குடிக்கிறார்கள்? அதற்கு ஒரு வரிகூட இருக்காது.

என்னைக் கேட்டால் ராஜாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கடல்நீர் குளிர்ந்ததா, வெதுவெதுப்பானதா என்று முடிவு செய்யுங்கள். அந்த ஒன்றை முடிவு செய்துவிட்டால் பாதிப் புவியியல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், வரலாற்றிலும் பாதி அதோடு சேர்ந்தே வரும்.

வெதுவெதுப்பான கடல் என்றால் பாரசீக வளைகுடா மாதிரி. வெயிலும் உண்டு, புழுக்கமும் உண்டு. 2003 ஜூலையில் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் காற்றின் ஈரத்தைக் காட்டும் பனிநிலை 35 பாகை செல்சியஸ் என்று பதிவானது. அந்த ஈரத்தில் உடம்பு வியர்க்கும், வியர்வை காயாது. அப்படி ஒரு நாடு வேண்டுமென்றால் முத்துக்குளிப்பையும் பாய்மரக் கப்பலையும் வைத்து எழுதலாம், குடிதண்ணீரையும் படகில்தான் கொண்டுவர வேண்டும்; குவைத் அப்படித்தான் ஷத்-அல்-அரபு ஆற்றுத் தண்ணீரைப் படகுகளில் ஏற்றி வந்து வெகுகாலம் ஓட்டியது. அதுவும் நல்ல கதைதான். ஆனால் இன்றைக்கு நான் குளிர்ந்த கடலை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைத்தான் யாரும் சீண்டுவதில்லை.

குளிர்ந்த கடலோரப் பாலைவனத்தை இஷ்டத்துக்கு எங்கே வேண்டுமானாலும் வைக்க முடியாது. கண்டத்தின் மேற்குக் கரையில், நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே ஏறக்குறைய 20, 25 பாகையில் வையுங்கள். நிலநடுக்கோட்டுப் பக்கம் மேலே எழும்பி மழையைக் கொட்டித் தீர்த்துவிட்ட காற்று, வறண்டுபோய்க் கீழே இறங்குகிற இடம் அது. கரையோரமாக வீசும் காற்று மேல்நீரை நடுக்கடல் பக்கம் தள்ளிவிட, அடியிலிருந்து சில்லென்ற நீர் மேலே வருகிறது. தென்மேற்கு ஆப்பிரிக்காவில் அதன் பெயர் பெங்குவேலா நீரோட்டம், தென் அமெரிக்காவில் ஹம்போல்ட், சகாராவின் மேற்கு ஓரத்தில் கேனரி. அந்த நீர் தன் மேலிருக்கிற காற்றையும் குளிரவைத்துவிடுகிறது. கீழே குளிர்காற்று, மேலே வெப்பக்காற்று, பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி. ஈரம் மேலே ஏறினால்தானே மேகம் திரண்டு மழையாகும்? இங்கே அது ஏறவே முடியாது. சிலியின் அரிகா துறைமுகத்தில் 1903 அக்டோபரிலிருந்து 1918 ஜனவரி வரை, அதாவது 173 மாதம், ஒரு சொட்டு மழை இல்லை. எதிரே அலையடிக்கிறது, பதினான்கு வருடமாக மழை இல்லை! ஆஸ்திரேலியாவும் இதே பாகையில்தான் இருக்கிறது, ஆனால் அதன் மேற்குக் கரையில் வெதுவெதுப்பான லூவின் நீரோட்டம் ஓடுவதால் அந்தக் கரை இவ்வளவு மோசமாக வறண்டுபோகவில்லை. நீரோட்டத்துக்கு அவ்வளவு சக்தி.

மழைக்குப் பதில் வருவது மூடுபனி. இரவில் கடலிலிருந்து கிளம்பி, விடியற்காலையில் கரையைத் தாண்டிப் பல கிலோமீட்டர் உள்ளே போய், வெயில் ஏற ஏறக் கலைந்துவிடும். தென்மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நமீபியாவின் கரையோரமாக நீளும் நமீப் பாலைவனத்தில் ஒரு கறுப்பு வண்டு இருக்கிறது. பனி வருகிற காலையில் மணல்மேட்டின் உச்சிக்கு ஏறி, காற்று வரும் திசையைப் பார்த்து, பின்பக்கத்தைத் தூக்கித் தலையைக் கீழே சாய்த்து அசையாமல் நிற்கும். முதுகில் பனி படிந்து, துளியாகி, வழிந்து வாய்க்கு வரும். அதுதான் அதற்குக் குடிநீர்க் குழாய். பக்கத்திலேயே வெல்விட்சியா என்கிற செடி, ஆயிரம் வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கக்கூடியது, ஆயுள் முழுக்க இரண்டே இலை. இலைகள் நார்நாராகக் கிழிந்து தரையில் புரண்டு கிடக்கும், பார்க்க ஏதோ குப்பை மாதிரி இருக்கும். மனிதர்களும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்: சிலியின் சுங்குங்கோ என்கிற மீனவக் கிராமத்துக்கு 1990களில் மலைமேல் வலைகளைக் கட்டி, பனியைப் பிடித்து, குழாய் வழியே தண்ணீர் இறக்கினார்கள். ஆக, நம் கற்பனை நாட்டுக் கடற்கரை சுட்டெரிக்கும் என்று எழுதாதீர்கள். அங்கே காலையில் குளிருக்குச் சட்டைமேல் சட்டை போட வேண்டியிருக்கும், மழையே இல்லாத ஊரில் இரும்பு துருப்பிடிக்கும்.

இப்போது ராஜ வம்சத்துக்கு வருவோம். வம்சம் வேண்டுமா? அப்படியானால் பின்னால் உயரமான, பனி உறையும் மலை போடுங்கள். பெருவில் அதுதான் நடந்தது: கரை முழுக்கப் பாலை, ஆனால் ஆண்டிஸ் மலையிலிருந்து ஆறு ஆறாக இறங்கிப் பாலைவனத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கடலுக்கு வருகிறது. அந்த ஆற்றுப் படுகைகளில்தான் ஏறக்குறைய 5,000 ஆண்டுப் பழமையான காரல் நகரம், பிற்பாடு மோச்சே, சிமு அரசுகள், களிமண்ணாலேயே கட்டிய சான் சான் என்கிற மாநகரம், எல்லாம் வந்தன. இன்றைய லீமாவும் ரீமாக் ஆற்றை நம்பி உட்கார்ந்த பாலைவனத் தலைநகரம்தான். மலை இல்லையா, வம்சமும் இல்லை. நான் மலை போடப் போவதில்லை, எனக்கு நமீப் மாதிரிதான் வேண்டும்.

நமீபியாவின் குயிசெப் ஆற்றைப் பாருங்கள். ஆறு என்று பெயர், வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணல். ஆனால் அதன் தெற்கே மலைமலையாகச் செம்மணல் மேடுகள், வடக்கே தட்டையான சரளைக்கல் வெளி, நடுவில் கோடு கிழித்தமாதிரி மரங்கள். எப்போதாவது உள்நாட்டு மேட்டில் நல்ல மழை பெய்து வெள்ளம் வரும்போது, அது தெற்கிலிருந்து நகர்ந்து வரும் மணலை வாரிக்கொண்டு போய்விடுகிறது, அதனால் மணல்மேடுகள் ஆற்றைத் தாண்ட முடிவதில்லை. மேலே காய்ந்திருந்தாலும் மணலுக்கடியில் ஈரம் இருக்கிறது. டொப்னார் மக்கள் அந்த ஓரத்தில் கிணறு தோண்டி, ஆடு மேய்த்து, மணல்மேட்டில் முள்ளுப் புதராகக் காய்க்கும் நாரா என்கிற பழத்தைப் பறித்து, விதையைக் காயவைத்துப் பிழைத்துவந்தார்கள். நம் நாட்டின் உண்மையான பழங்குடி வரலாறு இப்படி ஒரு காய்ந்த ஆற்றின் ஓரத்தில்தான் இருக்கும். சுவர் வைத்த மாநகரம் எல்லாம் கிடையாது.

வெளியார் எப்படி வருகிறார்கள்? முதலில் வரமாட்டார்கள், கடந்து போவார்கள். 1480களில் போர்த்துகீசிய மாலுமிகள் இந்தக் கரையில் இரண்டு இடத்தில் கல் சிலுவை நட்டுவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். தண்ணீர் இல்லாத இடத்தில் எவன் தங்குவான்? அதற்கப்புறம் முந்நூறு வருடத்துக்கு மேல் பெரிதாக யாரும் சீண்டவில்லை. உங்கள் வரலாற்றிலும் அந்த முந்நூறு வருடத்தைக் காலியாக விடத் தைரியம் வேண்டும், போரைப் போட்டு நிரப்பிவிடாதீர்கள்.

பிறகு ஒரு நாள் அந்தக் கரை திடீரென்று விலைபோக ஆரம்பித்தது, எதற்காக என்று நினைக்கிறீர்கள், பறவை எச்சத்துக்காக. அடியிலிருந்து வரும் குளிர்நீரில் சத்து அதிகம், அதனால் மீன் அதிகம், மீன் அதிகமானால் பறவை அதிகம், பறவை போடுகிற எச்சத்தைக் கழுவ மழை இல்லை. பெருவின் சிஞ்சா தீவுகளில் அது குன்றாகக் குவிந்து கிடந்தது. ஐரோப்பாவில் நிலம் சோர்ந்துபோயிருந்த நேரம், உரம் என்றால் தங்கம். 1840களின் நடுவில் நமீபியக் கரையோர இச்சாபோ தீவை நூற்றுக்கணக்கான கப்பல்கள் மொய்த்து, சில வருடத்திலேயே பாறை தெரியச் சுரண்டிவிட்டன. அமெரிக்கா 1856இல் ஆளில்லாத எச்சத் தீவுகளைத் தன் குடிமக்கள் உரிமை கொண்டாட ஒரு சட்டமே போட்டது. ஸ்பெயின் 1864இல் சிஞ்சா தீவுகளைப் பிடித்தது. அந்தப் புழுதியில் நின்று வெட்டியவர்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்து ஒப்பந்தம் என்ற பெயரில் கொண்டுவரப்பட்ட கூலிகள், திரும்பிப் போனவர்கள் குறைவு.

அடுத்தது வெடியுப்பு, உரத்துக்கும் வெடிமருந்துக்கும் உதவுகிற உப்பு. தென் அமெரிக்காவின் அட்டகாமா பாலைவனத்தில் அதுவும் மழை இல்லாததால்தான் கரையாமல் கிடந்தது. பொலிவியா அந்நாளைய குவிண்டாலுக்குப் பத்து சென்டாவோ என்று ஏற்றுமதி வரி போட, சிலிக்காரர்கள் நடத்திய நிறுவனம் கட்ட மறுக்க, 1879இல் போர் மூண்டு, சிலி ஒரு பக்கம், பெருவும் பொலிவியாவும் மறுபக்கம். முடிவில் பொலிவியாவிடம் கடற்கரையே இல்லை. இன்றைக்கும் அந்த நாட்டுக்குக் கடற்படை இருக்கிறது, டிட்டிக்காக்கா ஏரியில் ஓடுகிறது. இப்படி ஒரு விஷயத்தைக் கற்பனையில் எழுதினால் மிகைப்படுத்துகிறாய் என்பார்கள். அந்த உப்பும் நிலைக்கவில்லை: 1913இல் ஜெர்மனியில், அதே வேலைக்கு உதவும் அம்மோனியாவைக் காற்றிலிருந்தே எடுக்கும் ஆலை ஓட ஆரம்பித்தது, போகப்போக வெடியுப்பு நகரங்கள் காலியாயின.

இப்போது எல்லைக்கோடு. 1883இல் அடால்ஃப் லூடரிட்ஸ் என்கிற ஜெர்மன் வியாபாரி, நாமா மக்களின் தலைவர் ஜோசப் ஃபிரெடரிக்ஸிடம் இன்றைய நமீபியாவின் கரையோர நிலத்தை 20 மைல் அகலத்துக்கு வாங்கினார். ஃபிரெடரிக்ஸுக்குத் தெரிந்த மைல் ஆங்கில மைல், 1.6 கிலோமீட்டர். பத்திரம் எழுதியபின் லூடரிட்ஸ், நான் சொன்னது ஜெர்மன் புவியியல் மைல் என்றார், அது 7.4 கிலோமீட்டர். 32 கிலோமீட்டர் அகலம் 148 ஆகிவிட்டது! அடுத்த வருடம் ஜெர்மனி அந்தப் பகுதியைத் தன் பாதுகாப்பில் இருப்பதாக அறிவித்தது. லூடரிட்ஸ் அதை வெகுநாள் அனுபவிக்கவில்லை, 1886இல் ஆரஞ்சு ஆற்றுப் பக்கம் போனவர் திரும்பவே இல்லை. அந்தக் கரையில் இருந்த நல்ல இயற்கைத் துறைமுகமான வால்விஸ் பே அதற்கு முன்பே, 1878இல், பிரிட்டிஷ் கைக்குப் போயிருந்தது. அதனால் ஜெர்மானியர் 1892இல் பக்கத்திலேயே ஸ்வாகோப்முண்டைத் தொடங்கினார்கள், அங்கே கட்டிய அலைத்தடுப்பை மணல் சில வருடத்தில் மூடிவிட்டது. நமீபியா 1990இல் சுதந்திரம் வாங்கியபிறகும் வால்விஸ் பே அதன் கைக்கு வர 1994 ஆயிற்று. உங்கள் நாட்டுக்கும் ஒரே ஒரு நல்ல துறைமுகம் இருக்கட்டும், அது வேறு யாரிடமாவது இருக்கட்டும். நாற்பது பக்க வம்ச வரலாற்றைவிட அதில் கதை அதிகம்.

1904 முதல் 1908 வரை ஜெர்மன் படைகள் ஹெரேரோ, நாமா மக்களை அழித்ததையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. உள்நாட்டுப் பாலையில் துரத்தித் தண்ணீர் ஊற்றுகளுக்கு வரவிடாமல் தடுத்தார்கள், அந்த வியாபாரியின் பெயர் தாங்கிய லூடரிட்ஸ் துறைமுகத்துச் சுறாத் தீவில் முகாம் வைத்தார்கள், குளிர்ந்த கடல்காற்றில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ஜெர்மனி அதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது 2021இல். லூடரிட்ஸிலிருந்து உள்ளே போகும் ரயில் பாதையை அந்தக் கைதிகளை வைத்தே போட்டார்கள். அதே பாதையில் 1908இல் மணல் வாரிக்கொண்டிருந்த தொழிலாளி சகரியாஸ் லெவாலா ஒரு மின்னும் கல்லை எடுத்து மேற்பார்வையாளரிடம் கொடுத்தார். வைரம். ஆரஞ்சு ஆறு உள்நாட்டிலிருந்து அடித்துவந்து கடலில் சேர்த்ததை, அலையும் காற்றும் சேர்ந்து கரையோரமாக வடக்கே கொண்டுபோய் மணலில் இறைத்திருந்தன. மேற்பார்வையாளர் கோடீஸ்வரரானார். பெரும் பரப்பை யாரும் நுழையக்கூடாத பகுதியாக அறிவித்து வேலியடைத்தார்கள். கோல்மான்ஸ்கோப் என்கிற ஊர் மாளிகைகளோடு முளைத்தது. 1956க்குள் ஆளில்லாமல் போய், இன்றைக்கு அந்த அறைகளுக்குள் மணல் இடுப்பளவுக்கு நிற்கிறது.

தலைநகரை எங்கே வைப்பது என்பது மட்டும் பாக்கி. துறைமுகம் நம் கையில் இல்லை, கரையில் குடிதண்ணீர் இல்லை, ஆகையால் உள்ளே, மேட்டில், ஊற்று இருந்த இடத்தில். நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக் அப்படித்தான் 1,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. ஊர் வளர வளர ஊற்றும் அணையும் போதவில்லை, எனவே 1968இலிருந்து கழிவுநீரையே பல கட்டமாகச் சுத்திகரித்துக் குடிநீர்க் குழாயில் கலந்து விடுகிறார்கள், உலகத்தில் முதன்முதலாக இதைச் செய்த ஊர் அது. கடல்நீரைக் குடிநீராக்குகிற பெரிய ஆலை நமீபியக் கரையில் 2010இல்தான் வந்தது, அதுவும் ஒரு யுரேனியம் சுரங்கத்துக்காகக் கட்டியது. சுரங்கம் படுத்துக்கொண்டது, ஆலை ஓடுகிறது. நம் நாட்டு அரசு அந்தத் தண்ணீரைச் சுரங்கங்களுக்கு விற்குமா, கரையோர ஊர்களுக்கு முதலில் கொடுக்குமா என்பதை வரைபடம் போடுகிறவர்கள் நீங்கள் முடிவு செய்யுங்கள், எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.