குட்டைக்குள் ஒரு சதைச்செடி

நண்பர்களே, வணக்கம்.

சதைப்பற்றுள்ள செடி என்றதும் நம் நினைவுக்கு வருவது வறண்ட நிலம்தான். கள்ளி, கற்றாழை, தொட்டியில் வளர்க்கும் ஜேட் செடி. மழை பொய்க்கும் மண்ணில் நீரைச் சேர்த்து வைக்கவே அவற்றின் இலையும் தண்டும் தடித்தன என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அந்த ஜேட் செடி கிராசுலா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அதே பேரினத்தில் குட்டைத் தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கும் ஒரு செடியும் இருக்கிறது. தண்ணீருக்குள்ளேயே இருப்பதற்குச் சேமிப்பு எதற்கு? இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

செடியின் பெயர் கிராசுலா அக்குவாட்டிகா. 1753-இல் லின்னேயஸ் இதைத் தில்லேயா என்ற வேறொரு பேரினத்தில் வைத்தார். பிற்காலத்தார் கிராசுலாவுக்கு மாற்றினார்கள். உயரம் பெரும்பாலும் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாது. சில மில்லிமீட்டர் நீளமுள்ள இலைகள் எதிரெதிராக அமைந்து, அடியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இலைக்கக்கத்தில் ஒற்றைப் பூ, நான்கு வெள்ளை இதழ்கள். அந்தப் பூவைப் பார்க்க மண்டியிட வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. வட அமெரிக்கா, ஐரோப்பாவின் வடபகுதி, ஜப்பான் என்று பரந்த நிலப்பரப்பில் இது வளர்கிறது. ஆனாலும் தாவரங்களைத் தேடிப் பட்டியலிடுவதில் சலிக்காத பிரிட்டனில் 1921-இல்தான், யார்க்ஷயரில், முதன்முதலாகக் கண்ணில் பட்டது. பிறகு அந்த இடத்தில் இல்லாமல் போயிற்று. 1969-இல் ஸ்காட்லாந்தின் ஷீல் ஆற்றோரம் மறுபடியும் அகப்பட்டது. இவ்வளவு சிறிய செடிக்கு ‘இல்லை’ என்று தீர்ப்பு எழுத நாம் அவசரப்படக் கூடாது.

இது விரும்பும் இடம் நீர் ஏறி இறங்கும் சேற்று விளிம்பு. கலிபோர்னியாவில் குளிர்கால மழையில் நிறைந்து, வசந்தம் முடிவதற்குள் வற்றிவிடும் குட்டைகள் உண்டு. அவற்றின் அடியில் நீர் இறங்காத இறுகிய களிமண் படுகை இருக்கும். கோடையில் பார்ப்பவருக்கு அது வெறும் வெடித்த தரை. வீடு கட்டவும் உழவு ஓட்டவும் வசதியான தரை. இப்படித்தான் அந்தக் குட்டைகளில் பெரும்பகுதி அழிந்தது. ஆனால் வற்றுவதால்தான் அங்கே இந்தச் செடிக்கு இடமே கிடைக்கிறது. ஆண்டு முழுவதும் நீர் நின்றால் நாணலும் கோரையும் வந்து நிழல் கட்டிவிடும். நீர் நிற்கும் சில மாதங்களில் முளைத்துப் பூத்து விதைத்து முடிப்பதற்கு உடல் சிறியதாக இருப்பதே வசதி.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். இதற்கு 1813-க்குப் போக வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஜெர்மானியத் தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், இலைகளைக் கடித்துச் சுவை பார்க்கும் வழக்கம் உள்ளவர். நாம் ரணகள்ளி என்று சொல்லும் செடியின் இலை விடியலில் கடும் புளிப்பாகவும், நண்பகலில் சுவையே இல்லாமலும், மாலையில் சற்றுக் கசப்பாகவும் இருப்பதைக் கவனித்து லண்டனுக்குக் கடிதம் எழுதினார். ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை, ஒரு நாக்கு போதுமாக இருந்தது. ரணகள்ளியும் கிராசுலாவும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே இந்தப் புளிப்பு வேதியியல் இன்று அழைக்கப்படுகிறது.

நடப்பது இதுதான். வறண்ட நிலத்துச் செடி பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீர் ஆவியாகிப் போய்விடும். ஆகவே இரவில் திறந்து, கரியமில வாயுவை வாங்கி, அதை மாலிக் அமிலமாக மாற்றிச் செல்களுக்குள் வைத்துக்கொள்கிறது. விடியலில் இலை புளிப்பது அதனால்தான். பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவை விடுவித்து ஒளிச்சேர்க்கை செய்கிறது. மாலைக்குள் புளிப்பு தீர்ந்துவிடும். நீரை மிச்சம் பிடிப்பதற்கான ஏற்பாடு என்று நீண்ட காலம் எல்லோரும் இதைப் புரிந்துகொண்டார்கள்.

1981-இல் ஜான் கீலி என்ற தாவர ஆய்வாளர், கலிபோர்னியக் குட்டைகளில் முழுகி வளரும் ஐசோயிட்டஸ் என்ற செடியில் இதே இரவுப் புளிப்பைக் கண்டார். அது பூக்காத செடி, கிராசுலாவுக்கு எந்த உறவும் இல்லை. கட்டுரையின் தலைப்பையே அவர் கேள்விக்குறியோடு முடித்தார். நீருக்குள் இருப்பது நீரை மிச்சம் பிடிக்கிறது என்று எழுத யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். அடுத்த சில ஆண்டுகளில் நம் குட்டைக் கிராசுலாவிலும் அதே வழக்கம் உறுதியாயிற்று.

விடை நீரில் இல்லை, கரியமில வாயுவில் இருக்கிறது. காற்றோடு ஒப்பிட்டால் கரியமில வாயு தண்ணீருக்குள் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஆழமில்லாத குட்டையில் வெயில் ஏறியதும் பாசிகளும் மற்றச் செடிகளும் இருந்த வாயுவை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன. இரவில் நிலைமை தலைகீழ். ஒளிச்சேர்க்கை நின்றிருக்கும், குட்டையில் உள்ள உயிர்களெல்லாம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும், வாயு மறுபடி சேர்ந்துவிடும். பகல் கூட்டத்தில் சந்தையில் ஒன்றும் மிஞ்சாது என்று தெரிந்தவர் முன்னிரவிலேயே சரக்கு வாங்கி அடுக்கிவைப்பதைப் போல, இச்சிறு செடி இரவெல்லாம் வாங்கிப் பகலெல்லாம் செலவிடுகிறது. வறண்ட நிலத்தில் பஞ்சம் தண்ணீருக்கு. குட்டையில் பஞ்சம் கரியமில வாயுவுக்கு. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. குட்டை வற்றி இலைகள் காற்றில் வெளிப்பட்டதும் ஐசோயிட்டஸ் இந்த வழக்கத்தைக் கைவிட்டுவிடுகிறது. கள்ளிக்குக் கைகொடுக்கும் உத்தி, வறட்சி வரும்போது இதற்குத் தேவையற்றதாகிறது!

இந்தக் குடும்பத்தின் இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நற்பெயர் எடுக்கவில்லை. கிராசுலா ஹெல்ம்சி, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தாயகம். இதற்கும் இரவுப் புளிப்பு உண்டு. குளத்து நீருக்கு ஆக்சிஜன் தரும் செடி என்று பிரிட்டனில் விற்றார்கள். 1956-இல் எசெக்ஸில் ஒரு குளத்தில் தானாக வளர்ந்திருப்பதைக் கண்டார்கள். கணு உள்ள சிறு துண்டு அறுந்து விழுந்தாலே போதும், புதுச் செடியாகிவிடும். பிடுங்கப் பிடுங்கத் துண்டுகள் பெருகும். பச்சைப் பாயாகக் குளத்தை மூடும் அளவுக்குப் போனபின், 2014-இல் இங்கிலாந்தில் இதன் விற்பனைக்குத் தடை வந்தது. தடை சரிதான், ஆனால் குதிரை ஓடிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு லாயத்தை அடைத்தார்கள்.

இதிலிருந்து களப்பணியாளருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் வருகிறது. பிரிட்டனில் ஒன்று அரிதானது, காக்க வேண்டும். மற்றது களை, நீக்க வேண்டும். சேற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தோற்றம். பூவைப் பாருங்கள். அக்குவாட்டிகாவின் பூ காம்பே இல்லாததுபோல் இலைக்கக்கத்தில் ஒட்டியிருக்கும். ஹெல்ம்சியின் பூவுக்குத் தெளிவான காம்பு உண்டு. அக்குவாட்டிகா ஓராண்டில் முடிந்துவிடும். ஹெல்ம்சி பல்லாண்டுச் செடி, குளிர்காலத்திலும் பச்சையாக நிற்கும். பூ இல்லாத பருவமாக இருந்தால், பூக்கும்வரை பொறுத்திருந்து பார்த்துவிட்டுப் பிறகு கையை வையுங்கள்.