புருசிலோவ்: ‘நான் தாக்குகிறேன்’ என்ற ஒரே தளபதி

[திரையில்: 1916, கிழக்குப் போர்முனை வரைபடம்]

1916 ஏப்ரல். முதல் உலகப் போரில் ஜெர்மனி, ஆஸ்திரியாவோடு ரஷ்யா மோதிக்கொண்டிருந்த நேரம். மொகிலேவ் நகரில் ரஷ்யப் படைகளின் தலைமையகம். ஜார் இரண்டாம் நிக்கோலஸ் முன்னிலையில் ஆலோசனைக் கூட்டம். வடக்கு முனைத் தளபதி குரோபாட்கின், மேற்கு முனைத் தளபதி எவெர்ட் இருவருமே, கனரகப் பீரங்கி போதாது என்று கையை விரித்துவிட்டார்கள். பதவிக்கு வந்து சில வாரங்களே ஆன தென்மேற்கு முனைத் தளபதி மட்டும், தாக்கத் தயார் என்றார். அவர்தான் அலெக்ஸி புருசிலோவ்.

1853ல் திபிலிசியில் பிறந்தவர். 1877-78 துருக்கிப் போரில் சண்டையிட்டார். அப்புறம் பல ஆண்டுகள் பீட்டர்ஸ்பர்க் குதிரைப்படை அதிகாரிகள் பள்ளியில் வேலை. கடைசியில் அதற்கே தலைவர். பெரிய தளபதிகள் படித்து வரும் ராணுவ அகாடமிப் பக்கமே போகாதவர்.

[திரையில்: பதுங்குகுழி வரிசைகளின் படம்]

அந்தக் காலத்து வழக்கம் என்ன? ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து, நாள் கணக்கில் குண்டு பொழிவது. ‘இங்கேதான் வரப்போகிறோம்’ என்று எதிரிக்குத் தந்தி அடிப்பதற்குச் சமம் அது! எதிரியும் பின்னாலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குவித்துவிடுவான்.

புருசிலோவ் தன்னிடமிருந்த நான்கு படைகளுக்கும் ஒரே உத்தரவு போட்டார்: ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இடம் பார்த்துத் தாக்க வேண்டும். 400 கிலோமீட்டருக்கும் நீளமான முனையில் உண்மையான அடி எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்? வீரர்கள் இரவோடிரவாக மண்ணைத் தோண்டி முன்னேறினார்கள். சில இடங்களில் எதிரியின் முள்கம்பிக்கு 100 மீட்டர் வரை கிட்டே போய்விட்டார்கள். பின்னால், எதிரியின் பதுங்குகுழிகளைப் போலவே வெட்டி வைத்து ஒத்திகையும் நடந்தது.

ஜூன் 4ல் தாக்குதல் தொடங்கியது. மூன்றே நாளில் கலேதினின் 8வது படை லுட்ஸ்க் நகரைப் பிடித்தது. ஆஸ்திரியாவின் 4வது படை சிதறியது.

சரி, அப்புறம் ஏன் போர் முடியவில்லை? பக்கத்தில் தாக்க வேண்டிய எவெர்ட் நாளைக் கடத்தினார். அதற்குள் ஜெர்மனி ரயிலில் ஆட்களை அனுப்பிவிட்டது. ஆனால் எல்லாப் பழியையும் எவெர்ட் தலையில் போடவும் முடியாது. கோவெல் நகரைப் பிடிக்க ஸ்தோகோத் ஆற்றுச் சதுப்பில் திரும்பத் திரும்ப ஆட்களை அனுப்பியது புருசிலோவின் முனைதான். தான் கைவிட்ட பழைய முறைக்கே அங்கே திரும்பினார் என்றுதான் சொல்ல வேண்டும். இழப்பு லட்சக்கணக்கில் போனது.

1917ல் சுமார் இரண்டு மாதம் தலைமைத் தளபதி. கோடைத் தாக்குதல் தோற்றதும் கோர்னிலோவ் அந்த இடத்துக்கு வந்தார். 1920ல் போலந்துடன் போர் நடந்தபோது, புரட்சிக்குப் பின் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகளின் படையான செஞ்சேனையில் சேரச் சொல்லிப் பழைய அதிகாரிகளுக்கு விடுத்த அழைப்பில் புருசிலோவ் கையெழுத்திட்டார். போல்ஷெவிக்குகளை எதிர்த்துச் சண்டையிட்டு வெளிநாடுகளுக்குத் தப்பிப்போன வெள்ளைப்படையினர் அவரைத் துரோகி என்றார்கள். செஞ்சேனையோ 1923ல் அவரைக் குதிரைப்படை ஆய்வாளர் ஆக்கியது. 1924ல் ஓய்வு, 1926 மார்ச்சில் மாஸ்கோவில் மரணம்.