முத்து ஏன் கொடுத்துக்கொண்டே இருக்கிறான்?

வணக்கம் மக்களே. சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த கீழ்த்தளத்து மேசையில் உட்கார்ந்து பேசுகிறேன். பந்துச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே வீட்டில் டியூஷன் நடக்கிறது, அங்கே மூச்சு விடக்கூட அனுமதி இல்லை.

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: "கணக்குப் புத்தகத்தில் என்னப்பா அரசியல்? இரண்டும் இரண்டும் நாலுதானே?" நாலுதான். ஆனால் இரண்டு என்ன, இன்னும் இரண்டு என்ன என்று ஒருவர் எழுதியாக வேண்டுமே. சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

2022 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலக் கல்வித் துறை, ஒப்புதலுக்கு வந்த 132 கணக்குப் புத்தகங்களில் 54-ஐ நிராகரித்தது. சில புத்தகங்கள் மாநிலத்தின் புதிய பாடத்திட்டத்துக்குப் பொருந்தவில்லையாம். அது சரி. மற்றவற்றில் இனம் பற்றிய சித்தாந்தம் நுழைந்துவிட்டது, பிள்ளைகளின் உணர்வுகளைப் பக்குவப்படுத்தும் பகுதிகளைக் கேட்காமலே சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். ஆளுநர் ரான் டிசாண்டிஸும் அதே பக்கம்தான் நின்றார். "புத்தகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, காட்டுங்கள்" என்று எல்லாரும் கேட்ட பிறகுதான் சில உதாரணங்கள் வெளியே வந்தன. ஒன்றில், இனப் பாகுபாட்டு மனப்பான்மையை வயதுவாரியாகக் காட்டும் வரைபடம். உண்மையைச் சொன்னால், அது எனக்கும் கொஞ்சம் துருத்திக்கொண்டுதான் தெரிந்தது. ஆனால் முதலில் தடை, அப்புறம் சாட்சி என்பது என்ன வரிசை? பதிப்பாளர்கள் சிலவற்றை வெட்டித் திருத்த, பல புத்தகங்கள் பட்டியலுக்குத் திரும்பின.

இதைவிட என்னை உலுக்கியது ஹிட்லர் கால ஜெர்மனியின் ஒரு கணக்கு. மனநல விடுதி ஒன்று கட்ட 60 லட்சம் மார்க் (அந்த நாட்டுப் பணம்) ஆனது. ஒரு குடும்பத்துக்கு வீடு கட்ட 15,000 மார்க். அந்தப் பணத்தில் எத்தனை வீடு கட்டலாம்? விடை 400. நம் பிள்ளைகள் அரை நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். வகுத்தலில் ஒரு தப்பும் இல்லை. நோயாளிகள் வீண் செலவு என்பதைப் பிள்ளையின் கையாலேயே எழுத வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே கணக்குக்காகச் சண்டையே இல்லையா? 2021 பிஎஸ்எல்இ-யில், அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில், ஹெலனும் ஐவனும் 50 காசு, 20 காசு நாணயங்களை வைத்துக்கொண்டு நம்மைப் படுத்திய பாடு மறந்திருக்காது. இருவரிடமும் மொத்த நாணயங்களின் எண்ணிக்கை ஒன்றுதான். ஹெலனிடம் 20 காசு 64, ஐவனிடம் 104, மற்றதெல்லாம் 50 காசு. யாரிடம் அதிகப் பணம்? ஹெலனிடம், 12 வெள்ளி (டாலர்) கூடுதல். 12 வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு கஷ்டமா என்று பெற்றோர் கொதித்தார்கள். நம் கோபமெல்லாம் எப்போதும் கணக்கு எவ்வளவு கஷ்டம் என்பதில்தான். அதில் யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டியிருக்காதபடி முன்னாலேயே முடிவாகிவிடுகிறது என்று நினைக்கிறேன். பள்ளிப் பாடப்புத்தகம் கல்வி அமைச்சின் ஒப்புதலோடுதான் வகுப்புக்கு வருகிறது. என் மகளின் புத்தகத்தில் சீனப் பையன் வெய் மிங் ஸ்டிக்கர் வாங்கினால், அடுத்த பக்கத்தில் மலாய்ப் பெண் சிட்டி கேக் வெட்டுவாள், அப்புறம் நம் தமிழ்ப் பையன் முத்து வருவான். இதுவும் அரசியல்தான். சத்தம் போடாத அரசியல். எனக்குப் பிடித்த அரசியல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் படித்த காலத்தில் என் பெயரைக் கணக்கில் பார்த்தால் அன்று முழுக்க ராஜாதான்.

நேற்று மகளிடம், "முத்து என்னென்ன செய்கிறான் என்று பார்த்துச் சொல்லும்மா" என்றேன். புரட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அப்பா, முத்து ஸ்டிக்கரில் பாதியை அலிக்குக் கொடுக்கிறான். மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தங்கச்சிக்குக் கொடுக்கிறான். அவனுக்குன்னு ஏன் எதுவுமே வச்சுக்க மாட்டேங்கிறான்?"

கணக்கைக் கட்டங்களாகப் போட்டுக் காட்டும் மாடல் வரைந்து பார்த்தோம். அவனிடம் 8 மிச்சம் இருந்தது. அவளுக்கு அது போதவில்லை.