ஒரே வகுப்பு, வெவ்வேறு வயது: விடுதிப் பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளைகள்

[காட்சி: ஜூன் மாதம். வேலூர் பேருந்து நிலையம். டிரங்குப் பெட்டியும் பக்கெட்டுமாக வரும் பிள்ளைகள், உடன் பெற்றோர்.]

வணக்கம். பள்ளிகள் திறக்கும் வாரத்தில், பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்த வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கு மாவட்டங்களிலும், விடுதியில் தங்கிப் படிப்பதற்காக முதன்முறையாக வீட்டை விட்டுப் புறப்படும் பிள்ளைகளைக் காணலாம். ஆறாம் வகுப்பில் ஒரே நாளில் சேரும் இவர்களுள் ஒருவருக்குப் பத்து வயது நிறைந்திருக்காது. அடுத்த பாயில் படுக்கப்போகிறவருக்கு வயது 13 ஆகியிருக்கலாம். இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது, விடுதியில் அது என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைவடையும் குழந்தை முதல் வகுப்பில் சேரலாம். எனவே ஜூலைக் கடைசியில் பிறந்த குழந்தையும் அதற்கு முந்தைய ஆகஸ்டில் பிறந்த குழந்தையும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். எந்தத் தடங்கலும் இல்லாமலேயே அவர்களுக்கிடையே ஏறக்குறைய ஓராண்டு வேறுபாடு வந்துவிடுகிறது. பல நாடுகளின் மாணவர்களை ஒப்பிட்டுக் கெல்லி பெடார்ட், எலிசபெத் டூயி ஆகிய பொருளியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்பிலேயே இளையவர்கள் நான்காம் வகுப்பில் மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்ததும், எட்டாம் வகுப்பில் அந்த இடைவெளி குறைந்தாலும் முற்றிலும் மறையாததும் தெரியவந்தன. பத்து வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு என்பதை எண்ணிப் பார்த்தால், இதில் வியப்பில்லை.

[காட்சி: ஜவ்வாது மலைச் சாலை. அரசு பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றின் வளாகம்.]

ஓராண்டுக்கு மேற்பட்ட வேறுபாட்டிற்கு வேறு காரணங்கள் உண்டு. சமுனாமரத்தூர், புதூர்நாடு, பீஞ்சமந்தை போன்ற மலைப்பகுதிகளில் பெற்றோர் வேலை தேடி வெளியூர்களுக்கோ கர்நாடகத்தின் காப்பித் தோட்டங்களுக்கோ செல்லும்போது பிள்ளைகளும் உடன் செல்கிறார்கள். திரும்பி வரும்போது படிப்பில் ஓராண்டோ இரண்டாண்டோ கழிந்திருக்கும். சமவெளியில் செங்கல் சூளையும் பீடிச் சுற்றலும் பல பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கியிருக்கின்றன. பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில், வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லி, கை எட்டினால் ஐந்து வயது என்று ஆசிரியர்களே முடிவு செய்து, பள்ளி திறக்கும் மாதத்தையொட்டி ஒரு பிறந்த தேதியையும் எழுதிவிட்டார்கள். (நம் தாத்தாக்களில் பலர் மே, ஜூன் மாதங்களில் ‘பிறந்ததற்கு’ இதுவே காரணம்.) 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு, பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்குரிய ஆவணம் என்று சட்டத் திருத்தம் கூறுகிறது. இப்போது விடுதிகளில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்பதால், பதிவேட்டில் உள்ள வயதையும் உண்மையான வயதையும் காப்பாளர் தனித்தனியாகவே கேட்டறிய வேண்டியிருக்கிறது.

வயதைக் கறாராகப் பார்க்கும் உறைவிடப் பள்ளிகளும் உண்டு. உடுமலைப்பேட்டைக்கு அருகில் அமராவதிநகரில் உள்ள, படைத்துறைப் பணிக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்தும் சைனிக் பள்ளி, மார்ச் 31 அன்று 10 வயதுக்கும் 12 வயதுக்கும் இடைப்பட்டவர்களையே ஆறாம் வகுப்பில் சேர்க்கிறது. நுழைவுத்தேர்வு நடத்தும் பள்ளிக்கு அது இயலும். மலைக் கிராமத்துப் பள்ளி அவ்வாறு கதவைச் சாத்துவது சரியாகாது. சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, இடைநின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிக்கச் சொல்கிறது. 14 வயதைக் கடந்தாலும் எட்டாம் வகுப்பு முடியும் வரை இலவசக் கல்விக்கு உரிமை தருகிறது.

[காட்சி: விடுதிக் கூடம். சுவரோரம் டிரங்குப் பெட்டிகள், சுருட்டி வைத்த பாய்கள்.]

இனி விடுதிக்குள் செல்வோம். பகல்நேரப் பள்ளியில் வயது வேறுபாடு மாலை நான்கு மணியோடு கலைந்துவிடும். விடுதியில் அது குளியலறை வரிசையிலும் சாப்பாட்டுத் தட்டிலும் இரவிலும் தொடர்கிறது. 6 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரை. இரவு 9.30-க்கு விளக்கை அணைத்து, காலை 5 மணிக்கு மணியடிக்கும் விடுதியில் ஏழரை மணி நேரமே கிடைக்கிறது. அது பெரிய பிள்ளைகளுக்கே போதாது எனும்போது, வகுப்பில் கண்ணயரும் பத்து வயதுப் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வது எவ்வகையிலும் நியாயமன்று.

உடல் வளர்ச்சியும் அப்படித்தான். பூப்பெய்தும் மாற்றங்கள் பெண் குழந்தைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன. எனவே ஆறாம் வகுப்பின் ஒரே அறையில் குழந்தை உடலும் வளரிளம் உடலும் அருகருகே இருக்கின்றன. முதல் மாதவிடாய் அம்மா அருகில் இல்லாத விடுதியில் நேரக்கூடும் என்பதை, சேர்க்கை நாளன்றே ஒவ்வொரு பெண் பிள்ளையிடமும் ஒரு பெண் காப்பாளர் தனியாகப் பேசிவிட வேண்டும். படுக்கையை நனைக்கும் பழக்கம் ஏழு வயதிலும் சில பிள்ளைகளுக்கு இருக்கிறது, வயது ஏற ஏறக் குறைகிறது. முதல் வகுப்பிலிருந்தே தங்க வைக்கும் உண்டு உறைவிடப் பள்ளியில் இதற்கெனக் கூடுதல் விரிப்பு வைத்திருந்து, விடியற்காலையில் ஓசைப்படாமல் மாற்றிக் கொடுப்பது, கேலியைத் தொடங்கும் முன்னரே தடுத்துவிடும்.

நாம் பெரும்பாலும் சிறிய பிள்ளைகளுக்காகவே கவலைப்படுகிறோம். எங்கள் கணிப்பில், கவனிக்கப்படாதவர் 13 வயதில் ஆறாம் வகுப்பில் சேருபவரே. வந்த அன்றே மற்றவர்கள் அவரை அண்ணா, அக்கா என்று அழைக்கிறார்கள். காப்பாளரும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் ஒப்படைக்கிறார். வீட்டை நினைத்து ஏங்குவது அவருக்கும் உண்டு, ஆனால் அந்த உயரத்தோடு அழுவதற்கு அவருக்கு இடம் கிடையாது. எழுத்துக்கூட்டிப் படிக்கையில் தன்னைவிட மூன்று வயது இளையவர் திருத்தும்போது, அவர் வாய் மூடிக்கொள்ளவும் கூடும், கையை ஓங்கவும் கூடும். இரண்டாவது நேர்ந்தால் பழி வயதின் மேல் விழுகிறது.

[காட்சி: காப்பாளர் பதிவேட்டில் எழுதுகிறார்.]

இதற்குத் தீர்வு வகுப்பறையையும் படுக்கையறையையும் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. சிறப்புப் பயிற்சி பெற்று வயதுக்கேற்ற வகுப்புக்குச் செல்லும் வரை, 13 வயதுப் பிள்ளையின் படிப்பு ஆறாம் வகுப்பிலேயே நடக்கட்டும். படுக்கையும் விளையாட்டும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு, அதாவது அவருடைய வயதினரோடு அமையட்டும். கல்வி உரிமை விதிகள் குறைந்தது மூன்று மாதமும் அதிகபட்சம் இரண்டு ஆண்டும் சிறப்புப் பயிற்சிக்கு அனுமதிக்கின்றன; அதை மற்றவர் முன்னிலையில் நடத்தாமல் மாலையில் தனி அறையில் நடத்தினால், அவர் தயங்காமல் வருவார். சிறியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை விடுதியில் ஓராண்டேனும் இருந்து பழகிய மாணவருக்குத் தரலாம். அப்போதும் இரவு மேற்பார்வை பெரியவர்களின் கடமையாகவே இருக்க வேண்டும்.

சேர்க்கைப் படிவத்தை நிரப்பும்போது, பிள்ளை எத்தனை ஆண்டு பள்ளிக்கு வரவில்லை, வீட்டில் யாரோடு படுத்து உறங்கியது, இரவில் எழுப்ப வேண்டியிருக்குமா என்ற மூன்றையும் பெற்றோர் தாமாகவே காப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும், பள்ளிக் கல்வித் துறையின் 14417-ஐயும் டிரங்குப் பெட்டியின் மூடியின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். வயதில் சிறியவர் பெரியவர் என்று பாராமல், சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதை வாசித்துக் காட்டிவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.