புற்றெடுத்தது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "காங்கிரஸுக்குள் இருந்த சோஷலிஸ்டுகள் கட்சியை மாற்றினார்களா, கட்சியில் கரைந்துபோனார்களா?" இதுதான் இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை" என்று சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். நானும்தான் தட்டினேன். பின்னே? புற்றெடுத்த கரையான் சோஷலிஸ்டுகள்தான் என்று, 'மாற்றினார்கள்' என்னும் எங்கள் அணிக்கு அவரே சாட்சி சொல்லிவிட்டாரே!

1934 மே மாதம் பாட்னாவில் ஆச்சார்ய நரேந்திர தேவ் தலைமையில் கூடியவர்கள் தனிக்கடை போட்டிருக்கலாம். போடவில்லை. காங்கிரஸ் உறுப்பினராக இல்லாதவருக்குக் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியில் இடமில்லை என்றே விதி வைத்தார்கள். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவர்களான நம் ஜீவாவும் பி. ராமமூர்த்தியும் அந்த வாசல் வழியாக வந்தவர்கள்தான். 1936இல் இதே கட்சியின் ஏ. கே. கோபாலன் மலபாரிலிருந்து சென்னைக்குப் பட்டினி ஜாதா, அதாவது பட்டினி ஊர்வலம், நடத்தி வந்தாரே, சுமார் 750 மைல், அத்தனையும் கால்நடை! அதுவரை கூலிக்காரனின் வயிற்றைப் பற்றி வக்கீல்கள் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்த கட்சி அது. அந்த வயிற்றையே தெருவில் நடத்திக் கூட்டிவந்தவர்கள் இவர்கள்.

1942க்கு, 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 9 விடியுமுன் காந்தி முதல் எல்லாத் தலைவர்களும் கைது. மேலிடமே இல்லாத கட்சியை யார் நடத்தினார்கள்? அன்று காலை பம்பாய் கோவாலியா குளம் மைதானத்தில் கொடியேற்றியவர் அருணா ஆசஃப் அலி. தலைமறைவு வானொலியில் பேசியவர் லோகியா. ஹசாரிபாக் சிறையில் தீபாவளி இரவு, காவலர்கள் கொண்டாட்டத்தில் இருக்க, வேட்டிகளை முடிச்சுப்போட்டுக் கயிறாக்கி, ஐந்து தோழர்களோடு மதிலேறிக் குதித்தவர் ஜெயப்பிரகாஷ் நாராயண். கதர் வேட்டி அதைவிட நன்றாக வேறெங்கே உழைத்தது, நடுவர் அவர்களே?

"1948இல் துரத்திவிட்டார்களே" என்கிறார் நண்பர். ஆமாம், கட்சிக்குள் கட்சி கூடாதென்று காங்கிரஸ் விதியைத் திருத்தியது. இவர்கள் நாசிக்கில் கூடி வெளியேறினார்கள். கரைந்துபோனவர்களுக்காக யாராவது விதியைத் திருத்துவார்களா? வெளியேறியதில் எனக்கு வருத்தம் உண்டு, அது வேறு விஷயம். முதல் பொதுத்தேர்தலில் சோஷலிஸ்டுகளுக்குக் கிடைத்தது 12 மக்களவை இடங்கள். காங்கிரஸுக்கோ 364. ஆனால் 1955இல், இதோ பக்கத்து ஆவடியில், "சோஷலிச பாணிச் சமுதாயம்" என்று அதே காங்கிரஸ் தீர்மானம் போட்டது. விதைத்தவன் ஊரைவிட்டுப் போன பிறகும் வயல் முளைத்தது.

1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமை. அது இந்திரா காந்தியின் நாற்காலிச் சண்டை என்பீர்கள். மறுக்கவில்லை. ஆனால் சண்டையில் கைக்கு எட்டிய கல் எப்படி அதுவாக இருந்தது? அதைக் கட்சிக்குள் கொண்டுவந்து குவித்து வைத்தவர்கள், பிரஜா சோஷலிஸ்ட் கட்சியிலிருந்து வந்த சந்திரசேகரும் அவரோடு நின்ற "இளந்துருக்கியர்" என்ற காங்கிரஸ் இடதுசாரிக் குழுவினரும்தான்.

மணி அடிக்கிறீர்கள், முடிக்கிறேன். அந்தச் சந்திரசேகரையே 1975 நெருக்கடி நிலையில் அவருடைய கட்சி ஆட்சியே சிறையில் அடைத்ததே என்று அடுத்து பேசும் அம்மையார் கேட்பார். அடைத்தார்கள்தான். அப்போது அவர் காங்கிரஸ் செயற்குழு உறுப்பினர். அவர் கரைந்திருந்தால், அம்மா, அன்றைக்குச் செயற்குழுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார்.